வீடு கட்ட முடியாத நிலத்துக்கு என்ன விலை?

நிலம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், நீலகிரியில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்று இப்போது நில மதிப்பீடு செய்துவரும் எங்கள் ஆலோசகர்.

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்கள் தாத்தா வாங்கிய நிலம் 4 ஏக்கர் 30 சென்ட். அதில் 90 சென்ட் தேயிலை, 2 ஏக்கர் 60 சென்ட் சோலை, மிச்சம் 80 சென்ட் சதுப்பும் ஓடையும். சோலையைக் காப்பாற்ற நினைக்கும் ஒரு அறக்கட்டளைக்கு மொத்தத்தையும் எழுதிக்கொடுத்துவிடலாம் என்று நானும் அக்காவும் முடிவு செய்திருக்கிறோம். மதிப்பு போட வந்தவர் 8 கோடியே 60 லட்சம் என்று அறிக்கை தந்தார். மேல் ரோட்டில் 10 சென்ட் மனை, சென்ட் 2 லட்சத்துக்குப் போயிருக்கிறதாம். ராம்சர் அந்தஸ்து (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற லாங்வுட் சோலை பக்கத்தில் இருப்பதும் கூடுதல் சிறப்பு என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்த் தரகரோ, “காட்டை எவன் வாங்குவான்? சும்மா குடுத்தாலும் வேண்டாம்பான்” என்கிறார். எதை நம்புவது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள் அம்மா. அறிக்கை எழுதியவர் 430 சென்டை 2 லட்சத்தால் பெருக்கியிருக்கிறார். அதற்குமேல் அதில் வேலை எதுவும் நடக்கவில்லை. நிலத்துக்குள் இறங்கிப் பார்த்திருந்தால் அந்த 80 சென்டில் செருப்பு போயிருக்கும், பெருக்கலும் நின்றிருக்கும்.

மேல் ரோட்டு மனையை முதலில் பாருங்கள். அது 10 சென்ட். வாசலில் ரோடு, கம்பத்தில் கரண்ட், கையில் கட்டட அனுமதி. வாங்கினவர் கொடுத்த 20 லட்சத்தில் மண்ணுக்கான விலை ஒரு பங்குதான், மீதி அந்த அனுமதிக்கான விலை. அனுமதி கிடைக்காத இடத்தை அதே ரேட்டில் கணக்கிடுவது, இல்லாத ஒன்றை விற்பதாகச் சொல்வது. போதாததற்கு, 10 சென்டாக நறுக்கி விற்கும் விலையும் 4 ஏக்கரைச் சேர்த்து விற்கும் விலையும் சமவெளியில்கூட ஒன்றாக இருக்காது.

நல்ல மதிப்பீட்டாளர் எந்த நிலத்தில் கால் வைத்தாலும் மூன்று விஷயம் பார்ப்பார். இங்கே சட்டம் எதை அனுமதிக்கிறது, அனுமதிப்பதில் எதற்கு இந்த மண் இடம்கொடுக்கும், அதில் எது காசாகும். இந்த மூன்றையும் தாண்டி வருகிற உபயோகத்தில் எது அதிக ஆதாயம் தருமோ, அதற்குத்தான் விலை. பேரன் காலத்தில் சட்டம் மாறும், ரிசார்ட் வரும் என்ற கனவுக்கு அறிக்கையில் இடமில்லை.

உங்கள் நிலத்தில் சட்டம் எதை அனுமதிக்கிறது? சோலையிலிருந்து ஆரம்பிப்போம். கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12ல் வந்த உத்தரவு நாடு முழுக்கத் தெரிந்தது: பட்டா யார் பேரில் இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான். 2023ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் பழைய விளக்கத்தையே இப்போதைக்கு மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, பட்டா உங்கள் கையில் இருப்பதால் மட்டும் அந்த 2 ஏக்கர் 60 சென்டைத் தோட்டமாகவோ மனையாகவோ மாற்றிவிட முடியாது. அதோடு 1955ம் வருடத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் சொந்த மரத்தில்கூடக் கோடாலி வைக்க முடியாது. உங்கள் கிராமம் ஹாகா பட்டியலில், அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருந்தால், தேயிலைத் துண்டில் வீடு கட்டுவதற்கே வனத்துறை, வேளாண் பொறியியல், கனிமவளம் என்று படியேற வேண்டியிருக்கும்.

இவ்வளவு தடையா என்று மலைக்க வேண்டாம். மதிப்பு போடுகிறவருக்கு இதெல்லாம் வேலையைச் சுலபமாக்கும். கட்டடம் என்ற கணக்கே அடிபட்டுப் போகிறது, மிஞ்சுவதைப் பார்த்தால் போதும்.

மிஞ்சுவதைப் பார்க்கக் காகிதத்தையும் நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் உங்கள் புல எண் ‘புன்செய்’ என்று ஒரே வார்த்தையில் இருக்கும். பயிர்க் கணக்கான அடங்கலில் ‘தேயிலை’ என்று முழு விஸ்தீரணத்துக்கும் எழுதியிருந்தாலும் ஆச்சரியமில்லை. யாரோ ஒரு வருடம் எழுதியதை அடுத்தடுத்து வந்தவர்கள் பார்த்து எழுதியிருப்பார்கள். புல வரைபடத்தில் ஓடை இரண்டு மெல்லிய கோடாக வளைந்து போகும். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு இறங்கினால், ஓடை கோட்டில் இருக்காது. உண்ணிச்செடிப் புதருக்குள் எல்லைக்கல்லைத் துழாவ வேண்டும். சதுப்பின் ஓரம் மேலே பார்த்தால் பச்சைப் புல், கைத்தடியை ஊன்றினால் பிடி வரைக்கும் உள்ளே போகும், இழுத்தால் கறுப்பு மண் ஒட்டிக்கொண்டு வரும். இப்படி நடந்து, எது எவ்வளவு என்று மூன்று துண்டாக அளந்து குறித்த பிறகுதான் ரூபாயைப் பற்றிப் பேச்சு.

தேயிலை 90 சென்டுக்கு, அதே கிராமத்தில் தேயிலையாகவே கைமாறிய நிலத்தின் விலை. செடியின் வயசு, லாரி வரும் பாதை எவ்வளவு தூரம், காட்டெருமை இறங்கி மிதிக்கிற சரிவா, எல்லாம் அதில் சேரும். துண்டின் ஒரு மூலை ரோட்டைத் தொட்டு, தரையும் சமமாக இருந்து, ஒரு வீட்டுக்கு அனுமதி கிடைக்கும் என்று காகிதம் சொன்னால், அந்த மூலைக்கு மட்டும் தனி விலை போடலாம். அந்த மூலையின் விலையை மொத்த நிலத்துக்கும் நீட்டக் கூடாது.

சோலைக்கும் சதுப்புக்கும் வருவோம். தரகர் சொன்ன மாதிரி வாங்க ஆளே இல்லாத நிலம் இல்லை இது. மேலே பங்களா கட்டியிருப்பவர், கீழே எதிர்காலத்தில் யாரும் வந்து எதையும் கிளப்பக் கூடாது என்று வாங்குவார். பக்கத்து எஸ்டேட்காரர் ஓடைத் தண்ணீருக்காக வாங்குவார். பட்டணத்து ஆள் ஒருவர், மரம் நிற்கிற நிலம் தன் பேரில் இருக்கட்டும் என்று ஆசைக்கு வாங்குவார். மூன்று வகையையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடுத்தது மனை விலையில் ஒரு சின்னப் பங்குதான், ஆனாலும் விலை விலைதான். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி: சார்பதிவாளர் அலுவலகத்தில் சுற்றுவட்டாரப் புல எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டு, காடும் சரிவுமான நிலம் கைமாறிய பத்திரங்களின் நகல் எடுப்பது. அண்ணன் தம்பிக்குள் எழுதிக்கொண்டதைத் தள்ளுங்கள். கடன் நெருக்கி விற்றதைத் தள்ளுங்கள். ‘எப்படியாவது அப்ரூவல் வாங்கிடலாம்’ என்று ஏமாந்து வாங்கிய பத்திரத்தையும் தள்ளுங்கள். அது மனை விலையின் இன்னொரு வேஷம். மிஞ்சுவது இரண்டு மூன்று பத்திரம்தான் என்றாலும், அதுவே உங்கள் அறிக்கையின் அஸ்திவாரம்.

மரத்துக்குத் தனி விலை சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) இருந்து, வெட்ட அனுமதியும் கிடைக்கும் என்றால் விறகு விலை சேர்க்கலாம். சோலை மரத்தைக் கன அடிக் கணக்கில் தடி விலை போட்ட அறிக்கையைக் கண்டால் அங்கேயே மூடி வைத்துவிடுங்கள். அறுக்க முடியாத மரத்துக்குத் தடி விலை ஏது?

லாங்வுட் சோலை விஷயம். 116 ஹெக்டேர் காப்புக்காடு அது, சுற்றியுள்ள கிராமங்கள் பலவற்றுக்குத் தண்ணீர் தருவது, 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எல்லாம் பெருமைதான். ஆனால் அதன் பக்கத்தில் இருப்பதால் உங்கள் நிலத்தில் கட்டுவது இன்னும் சிரமமாகுமே தவிர, சுலபமாகாது. அதை ‘கூடுதல் சிறப்பு’ என்று விலையில் ஏற்றியவர் மனை விளம்பர நோட்டீஸ் எழுதப் போயிருக்கலாம்.

கடைசியாக, 8 கோடியே 60 லட்சம் ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். குடும்பத்துக்கு வெளியே தானம் எழுதினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கைமாறு எதுவும் வாங்காமல் கொடுத்தாலும் தீர்வை உண்டு, நிலத்தின் சந்தை மதிப்பின் மேல். அந்த அறிக்கையைப் பத்திரத்தில் சேர்த்தீர்கள் என்றால் 77 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

அரசின் வழிகாட்டி மதிப்பு என்ன என்று முதலில் பாருங்கள். ஒரு பேச்சுக்கு ஏக்கர் 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 4 ஏக்கர் 30 சென்டுக்கு 86 லட்சம், செலவு 7 லட்சத்து 74 ஆயிரம். இதுவே பெரிய தொகை. யார் கட்டுவது என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டதால் நின்றுபோன தானங்கள் உண்டு. வழிகாட்டி மதிப்பு தேயிலையையும் சதுப்பையும் பிரித்துப் பார்க்காது, புல எண்ணுக்கு ஒரே ரேட்தான். உண்மை விலை அதைவிடக் குறைவு என்று உங்கள் அறிக்கை நிரூபித்தால், குறைவான மதிப்பைக் காட்டியே பதிவுக்குக் கொடுக்கலாம். சார்பதிவாளர் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் அதைத் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார். அங்கிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். அன்றைக்கு அந்த 80 சென்டுக்குள் அவர்களை நடக்க வையுங்கள். காலதாமதம் ஆகும், பத்திரம் கைக்கு வர இழுக்கும். அந்த அலைச்சல் வேண்டாம் என்றால் வழிகாட்டி மதிப்பையே கட்டிவிடுவது நிம்மதி.

இன்னொன்று. நிலம் அரசிதழில் அறிவிக்கப்பட்ட ‘தனியார் காடு’ என்றால், 1949ம் வருடத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, வேறு எந்த வகையிலும் உடைமை மாற்றவோ முடியாது. தானமும் உடைமை மாற்றம்தான். நல்ல காரியத்துக்குத்தானே கொடுக்கிறோம் என்று அனுமதி வாங்காமல் எழுதினால் அந்தப் பத்திரம் செல்லாது.

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறான். அங்கே நிலத்தை இயற்கைப் பாதுகாப்புக்குக் கொடுத்தால் பெரிய வரிக்கழிவு கிடைக்குமாம். குன்னூரில் எங்கள் இருவர் பேரிலும் இருக்கும் சரிவு நிலத்தை அறக்கட்டளைக்குக் கொடுத்தால் அவனுக்கு அங்கேயும் எனக்கு இங்கேயும் வரி குறையுமா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: இங்கே குறையாது, அங்கேயும் குறையாது. தம்பி சொல்வது பொய்யில்லை, ஆனால் அது அந்த ஊர் நிலத்துக்கு, அந்த ஊர் அமைப்புக்கு.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 170-எச் பிரிவில் ஒரு வசதி இருக்கிறது. நிலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ‘இதில் இனி யாரும் எந்தக் காலத்திலும் கட்டமாட்டார்கள்’ என்ற உரிமையை மட்டும் ஒரு பாதுகாப்பு அமைப்புக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுக்கலாம். எழுதுவதற்கு முன் நிலத்தின் விலை, எழுதிய பின் விலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நன்கொடை. 5,000 டாலருக்கு மேல் போனால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும், 8283 என்ற படிவம் வேண்டும். 5 லட்சம் டாலரைத் தாண்டினால் அறிக்கையையே வரிக்கணக்கோடு இணைக்க வேண்டும். கொடுப்பதற்கு 60 நாளுக்கு முன்னாலேயே போட்டுவைத்த மதிப்பு செல்லாது. மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசிய மதிப்பீட்டாளரின் அறிக்கையும் செல்லாது. இந்தக் கடைசி விதி நம் ஊருக்கும் வந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

ஆனால் அங்கேயும் உங்களுடையது மாதிரி நிலத்துக்கு என்ன கதி தெரியுமா? ஏற்கெனவே கட்ட முடியாத சரிவில் ‘கட்டமாட்டேன்’ என்று எழுதிக்கொடுத்தால் முன் விலையும் பின் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது. இதை மறைக்கத்தான் அங்கே பெரிய விளையாட்டு நடந்தது. முதலீட்டாளர்களைக் கூட்டுச் சேர்த்து மலிவாக நிலம் வாங்குவது, இங்கே ஓட்டல் வந்திருக்கும், குடியிருப்பு வந்திருக்கும் என்று அறிக்கை வாங்குவது, போட்ட பணத்தைப் போலப் பல மடங்கு கழிவு கேட்பது. வரித்துறை அதன் பின்னாலேயே ஓடியது. 2022 டிசம்பரில் வந்த சட்டம், இப்படிப்பட்ட கூட்டாண்மைகளில் போட்ட முதலைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கேட்டால் பொதுவாகக் கழிவே கிடையாது என்று கதவைச் சாத்தியது. மேலே கோத்தகிரி அம்மாவுக்கு வந்த அறிக்கையும் இந்த ஜாதிதான், அங்கே கோட் சூட் போட்டிருக்கும்.

உங்கள் தம்பி விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். அமெரிக்கச் சட்டம் பொதுவாக அந்த நாட்டில் அமைக்கப்பட்ட தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தால்தான் கழிவு தரும். குன்னூர் அறக்கட்டளை அதில் வராது.

உங்களுக்கு? 80ஜி என்று நாம் பழகிய கழிவு பணமாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான். நிலம், அரிசி, துணி எதற்கும் இல்லை. அந்தப் பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை, புதிய வரி முறைக்குப் போய்விட்டவர்களுக்கும் இல்லை. ‘அறக்கட்டளை என் நிலத்தை விலைக்கு வாங்கட்டும், அந்தப் பணத்தை நான் நன்கொடையாகத் திருப்பித் தருகிறேன்’ என்று ஒருவர் என்னிடம் யோசனை சொன்னார். அறக்கட்டளை முதலில் எங்கே போய்ப் பணம் புரட்டும் என்று கேட்டேன், எழுந்து டீ சாப்பிடப் போய்விட்டார்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. தனி ஆள் தானமாகக் கொடுத்த நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. வாங்கும் பக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். பதிவுத்துறை மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் உள்ள நிலத்தைச் சும்மா பெற்றால் அது பெற்றவரின் வருமானமாகக் கணக்காகிவிடும். வருமான வரித்துறையில் தர்ம ஸ்தாபனமாகப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு இந்தத் தொல்லை இல்லை. சான்றிதழைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: கூடலூரில் அப்பா காலத்திலிருந்து அனுபவித்து வரும் நிலம், செக்‌ஷன் 17. எப்படியும் பட்டா வரப்போவதில்லை. யானைகள் நடமாட்டத்துக்காவது விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. மதிப்பு போட்டுத் தானம் எழுத முடியுமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: மனசு பெரிசு ஐயா, ஆனால் முடியாது. கூடலூரில் ஜன்மிகளின் பழைய நிலவுடைமையை ஒழித்த 1969ம் வருடத்து ஜன்ம நிலச் சட்டத்தில் அந்தப் பிரிவு நிலங்களின் உரிமை இன்னும் தீர்ந்தபாடில்லை. உங்களிடம் இருப்பது அனுபவம், உடைமை அல்ல. உடைமை இல்லாததைத் தானம் எழுத முடியாது, எழுதினால் வாங்குகிறவர் பேரிலும் வழக்கு சேரும். மதிப்பு அறிக்கைக்குச் செலவழிக்காதீர்கள். வேலியை எடுத்துவிடுவதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

கேள்வி: பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எனக்குக் காப்பித் தோட்டமும், அதை ஒட்டி மேலே காடும் இருக்கிறது. யாருக்கும் தானம் கொடுக்க விருப்பமில்லை. நிலம் என் பிள்ளைகளிடமே இருக்க வேண்டும். ஆனால் காட்டை அவர்கள் வெட்டவோ விற்கவோ கூடாது. அமெரிக்காவில் எழுதிக்கொள்வதுபோல் இங்கே எழுத வழி உண்டா?
– ஒரு வாசகர், வத்தலக்குண்டு

பதில்: அதே மாதிரி ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. ‘ஒருபோதும் விற்கக் கூடாது’ என்று பிள்ளைகளுக்கு எழுதும் செட்டில்மெண்டில் போட்டாலும் அந்த வரி நிற்காது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 10வது பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடும். நிலத்தை முழு உரிமையோடு கொடுத்துவிட்டு அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவதையும் 11வது பிரிவு ஏற்காது. ஆனால் அதே 11ல் ஒரு இடுக்கு வழி இருக்கிறது, உங்களுக்கென்றே வைத்த மாதிரி. கொடுக்கிறவர் பக்கத்திலேயே தனக்கு இன்னொரு நிலம் வைத்துக்கொண்டிருந்தால், அந்த நிலத்தின் நன்மைக்காகக் கொடுக்கும் நிலத்தில் கட்டுப்பாடு போடலாம்.

ஆகவே காட்டை மூத்த பிள்ளைக்கு இப்போதே எழுதுங்கள். காப்பித் தோட்டத்தை உங்கள் பேரில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் காப்பிக்கு மேல் காட்டிலிருந்துதான் ஈரமும் ஊற்றும் வருகிறது, ஆகவே அங்கே மரம் வெட்டுவதில்லை, மண் தோண்டுவதில்லை, கட்டடம் எழுப்புவதில்லை என்று காரணத்தோடு எழுதுங்கள். காரணம் பத்திரத்தில் இருப்பது முக்கியம். பின்னால் தோட்டம் இளையவருக்குப் போனாலும், காட்டை விலைக்கு வாங்க வருகிறவர் இந்தக் கட்டுப்பாடு தெரிந்து வாங்கினால், 40வது பிரிவின்படி அவரைத் தடுக்க வழி இருக்கிறது. வில்லங்கச் சான்றில் இது தெரியும்படி பதிவு செய்யுங்கள். அண்ணன் தம்பிக்குள் உரசல் வந்தால்கூட ஒருவர் வெட்டப் போகும்போது மற்றவர் கோர்ட்டுக்குப் போவார், காட்டுக்கு அது நல்லதுதான்.

இன்னும் கெட்டியாக வேண்டும் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2002ல் திருத்தம் செய்து சேர்த்த 36-சி பிரிவு. தனி ஆளோ ஊராரோ தாமாக முன்வந்து காக்கும் நிலத்தை அரசு ‘சமுதாயக் காப்பகம்’ என்று அறிவிக்கலாம். ஏற்கெனவே சரணாலய எல்லைக்குள் இருக்கக் கூடாது. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தின் எல்லை உங்களுக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். அறிவிப்பு வந்தபின் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் உபயோகத்தை மாற்ற முடியாது. நீங்களும் மாற்ற முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அதன்பின் விலை இறங்கும், பாங்கில் அடமானம் வைப்பதும் கஷ்டம். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அறிவிப்பு வந்தபிறகு அவர்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டால் வீட்டில் சோறு இறங்காது.

கேள்வி: நன்கொடை வாங்கும் அறக்கட்டளையே மதிப்பீட்டாளரையும் கூட்டி வருகிறேன் என்கிறது. சரியா?
– ஒரு வாசகி, ஊட்டி

பதில்: சரியில்லை. அவர் நேர்மையானவராக இருந்தாலும் நாளைக்கு உங்கள் சொந்தக்காரர் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம். நீங்களே ஆள் பிடியுங்கள். நிலம், கட்டடம் பிரிவில் ஐபிபிஐ (மதிப்பீட்டாளர்களைப் பதிவு செய்யும் மத்திய திவால் வாரியம்) பதிவு பெற்றவரா என்று பாருங்கள். மலையில் வேலை செய்த பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். கூலி இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுங்கள்.

கேள்வி: எங்களுடைய 3 ஏக்கரில் தேயிலையை வைத்துக்கொண்டு சோலையை மட்டும் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். பத்திரத்தில் ‘மேற்குப் பக்கம் உள்ள சோலை’ என்று எழுதினால் போதாதா? சர்வே செலவு மிச்சமாகுமே.
– ஒரு வாசகர், கட்டபெட்டு

பதில்: போதாது. சோலை வருடா வருடம் நகரும். தேயிலையைக் கவனிக்காமல் விட்டால் சோலை உள்ளே வரும், கூலியாள் கவாத்துக் கத்தியோடு ஓரத்தில் கொஞ்சம் ‘சுத்தம்’ செய்தால் பின்வாங்கும். பத்து வருடம் கழித்து மேற்குப் பக்கம் எது என்று அறக்கட்டளைக்காரரும் உங்கள் மகனும் ஆளுக்கொரு விரலை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

முதலில் உட்பிரிவுக்கு மனுக் கொடுங்கள். சர்வேயர் வந்து அளந்து, சோலைக்குத் தனி உட்பிரிவு எண் வாங்கி, கல் நட்டு, வரைபடத்தில் ஏறட்டும். மதிப்பு அறிக்கை, தானப் பத்திரம், பட்டா மாறுதல் மூன்றிலும் அதே எண், அதே விஸ்தீரணம் வர வேண்டும். ஒரு சென்ட் பிசகினால் மூன்று அலுவலகத்திலும் அலைய வேண்டும். கல்லை ஓடைக் கரையில் நடவிடாதீர்கள், மழைக்காலத்தில் கரையோடு போய்விடும். மேட்டில் நட்டு, ஓடைக்கு எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

சோலைக்குப் போக உங்கள் தேயிலைக்குள் நடந்துதான் போக வேண்டும் என்றால் வழி உரிமையைப் பத்திரத்தில் எழுதுங்கள், எத்தனை அடி அகலம் என்பது உட்பட. ஓடையிலிருந்து உங்கள் வீட்டுக்குக் குழாய் வருகிறதா? வருகிறது என்றால் அந்த உரிமையை நிறுத்திவைத்துக்கொண்டு எழுதுங்கள். குழாயின் விட்டம், எந்த இடத்தில் எடுப்பது, தொட்டி எங்கே, எல்லாம். தானத்தை வாங்குகிறவர் உங்கள் காலத்திலேயே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சியும் வேண்டும். சாட்சிக்குத் தரகரைக் கூப்பிடாதீர்கள், அதே சரிவில் தோட்டம் வைத்திருக்கும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். எந்தக் கல் எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.